ஸ்டோரிபோர்டுல ‘ஏன் இந்த ஷாட்’னு எழுதச் சொல்றாங்க, என்னத்த எழுதறது?

ஃப்ரேம்பித்து:
காலேஜ் ஷார்ட் ஃபிலிமுக்கு ஸ்டோரிபோர்டு (ஷாட் ஷாட்டா கட்டம் போட்டு வரையறது) வரைஞ்சாச்சு, இப்ப முக்கியமான ஷாட் ஒவ்வொண்ணும் ஏன் அப்படின்னு ரெண்டு பக்கம் எழுதித் தரணுமாம். கதை சின்னதுதான், அண்ணன் வீட்ட விட்டுக் கிளம்பறான், தங்கச்சி பாத்துட்டு இருக்கா, ஒரே ரூம், டயலாக்கே கிடையாது. சூட்கேஸ் ஜிப் மூட மாட்டேங்குது, அவ வந்து மேல ஏறி உக்கார்றா, அவன் இழுத்து மூடறான். அடுத்து அவ முகம் க்ளோசப், கண் கலங்கியிருக்கு. அண்ணனுக்கு லோ ஆங்கிள் (கேமரா கீழருந்து பாக்கறது), ‘பவர்’னு எழுதிட்டேன், தங்கச்சிக்கு ஹை ஆங்கிள் (மேலருந்து பாக்கறது), ‘பலவீனம்’னு எழுதிட்டேன், படிச்சா கைடு புக்க காப்பி அடிச்ச மாதிரியே இருக்கு. கடைசில 180 டிகிரி லைன (ரெண்டு பேருக்கும் நடுவுல போற கற்பனைக் கோடு, கேமரா அதுக்கு ஒரே பக்கம் இருக்கணும்பாங்க) வேணும்னே தாண்டிருக்கேன், அதுக்கு என்ன சொல்லலாம்?

கட்டிங்டேபிள்:
அந்த பவர் மேட்டர மொதல்ல அடிச்சிடுங்க தம்பி. போக மனசில்லாம நிக்கறவனுக்கு என்ன பவரு? கேமரா தங்கச்சி கண் உயரத்துல இருக்கு, அதனால அவன் உயரமா தெரியறான், இது அவ பாக்கற கதை, அப்படி எழுதினா போதும். ஆனா ஜிப் ஷாட்ல அவன் குனிஞ்சிருக்கான், அவ மேல உக்காந்திருக்கா, அங்க உங்க ஆங்கிள் ரெண்டும் தலைகீழா மாறணுமே, பேனல்ல, அதான் வரைஞ்ச கட்டத்துல, மாத்தினீங்களா? அப்புறம் அந்த அழுகை க்ளோசப் வேண்டவே வேண்டாம். அவன் போகக்கூடாதுன்னு நெனைக்கிறவளே பெட்டிய மூட ஒத்தாசை பண்றா, அதுலயே எல்லாம் வந்துடுச்சு. ஜிப் நகர்றத மட்டும் கிட்டத்துல காட்டற ஒரு இன்சர்ட், ஃப்ரேம் ஓரத்துல அவ கால்விரல், கட். தூக்கிப்போட்ட பேனலையும் ஒட்டி ஏன் தூக்கினேன்னு எழுதுங்க, மார்க் அங்கதான் இருக்கு.

நிழல்கோடு:
க்ளோசப்ப தூக்கறதுல எனக்கு உடன்பாடில்ல. இடம்தான் தப்பு. ஜிப் சிக்கி அவன் திணர்றப்ப, எந்திரிச்சுப் போலாமா வேணாமான்னு அவ யோசிக்கிற அந்த நேரத்துல வைங்க, கண்ணீரே தேவையில்ல. லைன் விஷயம், சும்மா கட் பண்ணித் தாண்டினா ரெண்டு பேரும் இடம் வலம் மாறிடுவாங்க, எதிரெதிர பாக்கறவங்க ஒரே பக்கம் பாக்கற மாதிரி ஆயிடும். அந்தக் குழப்பம்தான் வேணும்னா எந்த நொடில, எதுக்குன்னு எழுதுங்க. இல்லன்னா ஷாட்டுக்குள்ளயே கேமராவ நகத்தித் தாண்டுங்க, இல்ல நடுவுல லைன் மேலயே நின்னு ஒரு ஷாட் வைங்க.

அனிமேட்டிக்ஆளு:
கட்டம் 16:9ல (டிவி திரை அளவு) வரைஞ்சீங்களா? பின்னாடி 2.39க்கு (சினிமாஸ்கோப் மாதிரி அகலமான ஃப்ரேம்) க்ராப் பண்ற ஐடியா இருந்தா உயரத்துல கிட்டத்தட்ட கால்வாசி போயிடும், அண்ணன் தலை காலி. அப்புறம் பேனல எல்லாம் ஃபோட்டோ எடுத்து எடிட்டிங் டைம்லைன்ல வரிசையா போட்டு ஒருதடவ ஓட்டிப் பாருங்க, க்ளோசப் சண்டை அங்கயே தீந்துடும்.

ஃப்ரேம்பித்து:
16:9தான் அண்ணா, க்ராப் ப்ளான் இருந்துச்சு, இப்ப விட்டுட்டேன், ரூம் நெருக்கமா தெரியணும்னு அதையே காரணமாவும் எழுதிக்கறேன். க்ளோசப்ப ரெண்டு இடத்துலயும் வெச்சு ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன். ஜிப் பேனல்ல ஆங்கிள மாத்தவே இல்ல, அத இன்னிக்கு நைட்டே திரும்ப வரையணும்.