கடைக்குள் கடித்த நாய் யாருடையது?

கல் வாங்கப் போனவன்:
ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கிரானைட் கடை. அடுப்படி மேடைக்குக் கல் பார்க்கப் போயிருந்தேன். இரண்டாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி ரசீதும் வாங்கியாகிவிட்டது. பின்பக்கம் அடுக்கியிருந்த பலகைகளைக் காட்டக் கடைப் பையன்தான் அழைத்துப் போனான். பலகைகளுக்கு நடுவே படுத்திருந்த நாய் குரைக்கக்கூட இல்லை, கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. கடிபட்டவர்களுக்கு அந்த வலியைச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மறக்காதது அடுத்த நொடிதான். கல்லாவிலிருந்து முதலாளி ஓடிவந்து, "மணி! டேய் மணி, விடு!" என்று கத்தினார். நாய் உடனே விட்டுவிட்டு, வாலைக் குழைத்துக்கொண்டு அவர் காலடியில் போய் உட்கார்ந்தது.

மறுநாள் நியாயம் கேட்கப் போனேன். அதே மனிதர், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், "அது தெருநாய் சார். பஞ்சாயத்து ஆபீஸில் போய்க் கேளுங்கள்" என்கிறார். ஆறு மாதம் ஆகிறது. ஊசி அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போட்டார்கள், நான்கு நாள் வேலை போனதையும் பொறுத்துக்கொள்வேன். பெயர் சொல்லி அதட்டிய நாயைத் தெருநாய் என்ற அந்த வார்த்தையை மட்டும் பொறுக்க முடியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

அழகர்கோவில் சாலை அம்மா:
எங்களுக்கு நடந்தது ஒரு நர்சரியில். மல்லிகை நாற்று வாங்கப் போனோம். என் மகளுக்கு ஆறு வயது. செம்பருத்தித் தொட்டி அருகில் குனிந்தவளின் முன்கையில் கடித்துவிட்டது. அவள் அலறுகிறாள், நர்சரிக்கார அம்மாவோ, "நாய்கள் ஜாக்கிரதை என்று போர்டு மாட்டியிருக்கிறோமே, பார்த்து வரக்கூடாதா?" என்று என்னைக் கேட்கிறார். எங்கே போர்டு? கேட்டை உள்பக்கமாகத் திறந்து மதிலோடு சாத்தி வைத்திருந்தார்கள். எழுத்து முழுவதும் சுவரைப் பார்த்து இருந்தது. கேட்டை நான் இழுத்தபோது போர்டில் ஒட்டியிருந்த இரண்டு பல்லி முட்டைகள் உதிர்ந்து விழுந்தன. அந்தக் கேட்டை எத்தனை மாதமாக யாரும் அசைக்கவில்லையோ! நேராகவே மாட்டியிருந்தாலும் ஆறு வயதுக் குழந்தை அதைப் படித்துவிட்டா உள்ளே வரும்? இன்றைக்கும் தெருவில் நாயைக் கண்டால் என் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொள்கிறாள்.

வாடிப்பட்டி ரைஸ்மில்:
நான் நாய் வைத்திருப்பவன், அதனால் சொல்கிறேன். என் மில்லில் ஒரு ராஜபாளையம் நாய் இருக்கிறது. மூட்டை இறக்க வந்த புது ஆளைக் கடித்துவிட்டது. காயத்தில் சுண்ணாம்பு தடவப் போனவர்களை விலக்கி, கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவவைத்து, நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். நான்கு ஊசிக்கும் கூடப் போனேன். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனித்தேன். அவர் இன்றும் என் மில்லுக்குத்தான் வருகிறார்.

ஆனால் கல் வாங்கப் போனவர் சொல்வதை முழுவதும் ஏற்க மாட்டேன். மிச்சச் சோறு போடுகிற கடைக்காரன் எல்லாம் நாயின் முதலாளி ஆகிவிடுவானா? மணி என்ற பெயர் தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு உண்டு. தெருநாய்க்கு அரசுதான் பொறுப்பு. 2023-இல் பஞ்சாப், ஹரியானா உயர்நீதிமன்றம் ஒரு பற்குறிக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று அரசையே கொடுக்கச் சொல்லவில்லையா? சோறு போடுகிறவன் தலையில் பழியைப் போட்டால் நாளைக்கு யாரும் ஒரு வாய் சோறு போட மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா:
என்னை ஒரு லாட்ஜ் வரவேற்பறையில் கடித்தது. முதலாளி காப்பி வாங்கிக் கொடுத்தார், நானும் குடித்துவிட்டு வந்தேன். அந்தக் காப்பியைக் குடித்திருக்கக்கூடாது என்று இன்றும் நினைக்கிறேன்.

ரைஸ்மில் தம்பி, நீங்கள் நடந்துகொண்டது மனிதத்தனம். சொன்ன சட்டம் மட்டும் சரியில்லை. அந்தத் தீர்ப்பு அந்த மாநிலங்களுக்கானது. இங்கே எடுத்துக்காட்டலாம், கட்டாயப்படுத்தாது. அதோடு, அது தெருவில் நடந்ததற்கு. கடைக்குள் வாடிக்கையாளரை வரவழைத்துவிட்டு, கடிக்கிற நாயை அங்கே நடமாட விடுவது வேறு. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவைப் பாருங்கள். தன் வசமுள்ள விலங்கால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேரக்கூடும் என்ற நிலையில் போதிய பாதுகாப்புச் செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 289. அபராதம் 1,000 ரூபாய்தான். "தன் வசமுள்ள" என்ற சொல்லைக் கவனியுங்கள். யார் விலைக்கு வாங்கினார் என்பது கேள்வியே இல்லை. யார் சொல்லுக்கு அடங்கியது, யார் இடத்தில் படுத்தது, யார் தட்டில் தின்றது என்று பார்ப்பார்கள். ஒரு வாய் சோறு போட்டவரையும் வளாகத்துக்குள் வளர்ப்பவரையும் யாரும் ஒன்றாக்கவில்லை.

கல் வாங்கப் போனவருக்கு: அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டு நகல் கேட்டு வாங்குங்கள், ஏ.ஆர். காப்பி என்றால் உடனே புரியும். கடித்த இடமும் நேரமும் அதில் இருக்கும். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். இழப்பீட்டுக்கு உரிமையியல் வழக்கு உண்டு. நுகர்வோர் ஆணையமும் உண்டு, அதற்கு இரண்டு வருடக் கெடு. சும்மா பார்க்கப் போனவரை நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். உங்களிடம் முன்பண ரசீது இருக்கிறது, தொலைத்துவிடாதீர்கள். அழகர்கோவில் சாலை அம்மாவுக்கு: போர்டு மாட்டினால் பொறுப்புக் கழிந்தது என்பது கடைக்காரர்களின் நம்பிக்கை. கடிக்கும் என்று அவர்களுக்கே தெரியும் என்பதற்கு அந்தப் போர்டே சாட்சியாகிவிடும்.

கப்பலூர் ஷிப்ட்:
வேலை செய்கிற இடத்தில் கடித்தால்? எங்கள் யூனிட் வாசலில் இரவு ஷிப்ட் முடியும்போது என்னைக் கடித்தது. "வெளியே கடித்ததாகச் சொல்" என்றார் சூப்பர்வைசர். நானும் அப்படியே சொல்லிவிட்டேன். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டு அட்டை பையில்தான் இருந்தது.

ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா:
தங்கச்சி, ஏன் அப்படிச் சொன்னாய்? வேலையின்போது பட்ட காயத்துக்கும்தானே அந்த அட்டை. உண்மையை எழுதி, தேதி போட்டு, மேலாளரிடம் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்கம்மா.

கல் வாங்கப் போனவன்:
குமாஸ்தா ஐயாவுக்கு நன்றி. ரைஸ்மில் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேற்று அந்த வழியாகப் போனேன். கடை வாசலில் அலுமினியத் தட்டு, நாயின் கழுத்தில் சிவப்புப் பட்டை. ஆறு மாதத்துக்கு முன்பு பட்டை இல்லை. சாலைக்கு இந்தப் பக்கம் நின்றபடி "மணி" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தது. அலைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காவல் நிலையத்துக்குப் போகிறேன்.