புன்ட்லாந்து ஏன் தனி நாடு கேட்கவில்லை?

மாறன்_க:
சோமாலியாவின் வடகிழக்கில், ஆப்பிரிக்கக் கொம்பின் நுனியில் இருக்கும் புன்ட்லாந்து 1998-ல் தன்னைத் தன்னாட்சிப் பகுதியாக அறிவித்துக்கொண்டது. பக்கத்துச் சோமாலிலாந்தோ 1991-லேயே தனி நாடு என்று சொல்லிவிட்டது. இரண்டு பேருமே சோமாலியாவை ஆண்ட சர்வாதிகாரி சியாத் பாரேயிடம் அடி வாங்கியவர்கள்தான். இவர்கள் மட்டும் ஏன் பாதியில் நின்றுவிட்டார்கள்?

கடலோடி:
பாதியில் நின்றார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். சோமாலிலாந்துக்குப் பழைய பிரிட்டிஷ் எல்லை இருந்தது, 1960-ல் ஐந்து நாள் தனி நாடாகவும் இருந்திருக்கிறது. புன்ட்லாந்து இத்தாலியிடம் இருந்த பகுதி. அங்கே பெரிய குலமான மஜர்தீன்கள் தலைநகர் மொகாதிசுவில் வியாபாரம், பதவி என்று வேர்விட்டவர்கள், 1969-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதி ஷெர்மார்கேயே அந்தக் குலத்தவர்தான். முழு நாட்டையும் தங்களுடையது என்று நினைப்பவர்கள் எதற்காகப் பிரிய வேண்டும்?

அடியும் சாதாரணமில்லை. 1978-ல் மஜர்தீன் அதிகாரிகள் நடத்திய ராணுவப் புரட்சி தோற்றதும், பாரேயின் படை முதுக் பகுதியில் மழைநீர் சேமிக்கும் தொட்டிகளையே உடைத்தது. ஆறே இல்லாத அந்த மேய்ச்சல் நிலத்தில் தொட்டி போனால் முதலில் ஆடும் ஒட்டகமும் சாகும், அப்புறம் ஆட்கள். 1991-ல் தலைநகரில் குலம் பார்த்துக் கொல்ல ஆரம்பித்தபோது பெருங்கூட்டமாக வடக்கே ஓடிவந்தார்கள். 1997-ல் சோமாலியக் குழுக்களின் கெய்ரோ சமாதானப் பேச்சுவார்த்தையிலிருந்து, பின்னாளில் புன்ட்லாந்தின் முதல் ஜனாதிபதியான அப்துல்லாஹி யூசுப் வெளிநடப்பு செய்தார், மறுவருடம் புன்ட்லாந்தின் கரோவே நகரில் குலப் பெரியவர்கள் கூடிப் பேசி அரசை அமைத்தார்கள். சோமாலியா கூட்டாட்சியாக மீண்டும் எழும்வரை எங்கள் வீட்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் பொருள்.

செங்கடல்வாசி:
கடலோடி சொல்வது சரி, ஆனால் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள் என்று முடித்தால் பாதிக் கதைதான். மூன்று வருடப் பதவிக்காலம் முடிந்தும் யூசுப் இறங்க மறுத்தார், 2001-ல் ஜாமா அலி ஜாமாவைப் புது ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள், யூசுப் எத்தியோப்பியா துணையோடு 2002-ல் துறைமுக நகரான பொசாசோவைப் பிடித்தார். 2004-ல் அவரே சோமாலியாவின் இடைக்கால ஜனாதிபதி! அப்புறம் எல்லை. சோமாலிலாந்து காலனி கால எல்லையைக் காட்டுகிறது, புன்ட்லாந்து, மஜர்தீன்களும் அடங்கிய ஹர்தி குலங்கள் வாழும் நிலம் முழுக்கத் தன்னுடையது என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டியது சூல், சனாக் என்ற இரண்டு பகுதிகள். சூலின் தலைநகரான லாஸ் அனோத் 2007-ல் சோமாலிலாந்து கைக்குப் போனது, 2023-ல் உள்ளூர்க்காரர்களே சண்டை போட்டு அவர்களை வெளியேற்றினார்கள். செத்தவர்களை நினைத்தால் இந்த எல்லை வாதங்கள் மேலேயே வெறுப்பு வருகிறது.

மாறன்_க:
இருவருக்கும் நன்றி. 2024-ல் மத்திய அரசை ஏற்கமாட்டோம் என்றார்களே, அது பிரிவினை இல்லையா?

கடலோடி:
இல்லை. தங்களைக் கேட்காமல் மொகாதிசு நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தியது, மறுநாளே, மார்ச் 31 அன்று, புன்ட்லாந்து அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. தாங்களும் பங்குபெறும் பொதுவாக்கெடுப்பில் ஒரு சட்டம் நிறைவேறும்வரை தனியாக இயங்குவோம் என்பதுதான் அவர்கள் வைத்த நிபந்தனை.