"இது நல்ல எழுத்தா, கெட்ட எழுத்தா?" – மும்பையில் பெரியவர்கள் வகுப்பு, உங்கள் அனுபவம் என்ன?

சயான்காரி

தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர நாங்கள் நடத்தும் மதிய வகுப்பு இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வாரம் மூன்று நாள், மூன்று மணிக்குத் தொடங்கி, குழாயில் தண்ணீர் வருவதற்குள் முடித்தாக வேண்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள்.

ஆங்கில எழுத்தை நாங்கள் ஏ, பி, சி என்று வரிசையாகச் சொல்லித் தருவதில்லை. ரயிலில் ஆரம்பிப்போம். பிளாட்பார இண்டிகேட்டரில் தாணே வண்டிக்கு டி, கல்யாணுக்கு கே, ஸ்லோவுக்கு எஸ், ஃபாஸ்டுக்கு எஃப். தாதரில் எஃப் பார்க்காமல் ஏறிவிட்டால் சயானில் நிற்காது, குர்லா வரை போய்த் திரும்ப வேண்டும். எல்லோரும் ஒரு தடவையாவது அப்படித் திரும்பி வந்தவர்கள், அதனால் அந்த நாலு எழுத்தும் ஒரே வாரத்தில் பதிந்துவிடும்.

அன்றைக்கு நான் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு அக்கா எழுந்து வந்தார். இட்லி வியாபாரக் குடும்பம். விடிவதற்கு ரொம்ப முன்னால் அடுப்புப் பற்றவைக்கிறவர், மதியம் கண் சொக்கும், ஆனாலும் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. கே மேல் விரலை வைத்தார், நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்தது. "டீச்சர், இது என் கதவுல இருக்குல்லா" என்றார்.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக வீட்டு சர்வேக்கு வந்தவர்கள் எழுதிவிட்டுப் போன நம்பர். "மாவு வாளியத் தூக்கிட்டு வெளிய வரும்போது தினம் பாக்கேன். இது நல்ல எழுத்தா, கெட்ட எழுத்தா?"

வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. எல்லோர் கதவிலும் ஏதோ ஒன்று எழுதியிருக்கிறது. புது வீடு கொடுப்பதில், 2000 ஜனவரி 1-க்கு முன்னால் குடியிருந்ததற்குத் தாள் இருந்தால் ஒரு கணக்கு, பின்னால் வந்திருந்தால் வேறு கணக்கு, மாடியில் இருந்தால் இன்னொரு கணக்கு. இதெல்லாம் வாய்வழியாக அவர்கள் காதில் விழுந்து விழுந்து ஆளுக்கு ஒரு பயம். நான் "அது சும்மா நம்பர்தான்க்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விட்டேன். ஒரு மாதமாகிறது, அந்த "சும்மா" என்ற சொல் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

சீத்தா கேம்ப் பையன்

நீங்கள் ஆங்கில எழுத்தில் ஆரம்பிக்கிறீர்கள், என் அம்மாவுக்கு நடந்ததைக் கேளுங்கள். 1976 மே மாதம் ஜனதா காலனியைக் காலி செய்து எங்களை சீத்தா கேம்புக்கு அனுப்பியபோது கையில் ஒரு சீட்டு கொடுத்தார்களாம், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே பத்திரமாக வைத்திருந்தவர். பிறகு ரேஷன் கடையில் விலை பார்த்துப் பார்த்து ஆங்கில எண்களைத் தானாகவே பழகிக்கொண்டார். பெஸ்ட் என்கிற மும்பை டவுன் பஸ்ஸில் அப்போதெல்லாம் முன்பக்கம் நம்பர் மராத்தி எண்ணில்தான் இருக்கும், ஆங்கில எண் பக்கவாட்டில், வாசல் பக்கம். மராத்தி ஒன்று நம் கண்ணுக்கு ஒன்பது மாதிரி. மராத்தி நாலு, தலை திறந்த எட்டு.

அம்மா எட்டு என்று நினைத்து ஓடிப்போய் ஏறிவிட்டார். நானும் கூட இருந்தேன், எனக்கு ஐந்து வயது. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் இறக்கிவிட்டார், இருட்டிவிட்டது. எந்த இடம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா யாரிடமும் வழி கேட்கவில்லை. பஸ் முன்னால் போய் நின்று அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார், ரொம்ப நேரம். நான் பசிக்கிறது என்று அழுதேன், அப்போதும் திரும்பவில்லை. அந்த முதுகு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

முதலில் மராத்தி எண் சொல்லிக் கொடுங்கள் என்பது என் கருத்து. ஏ, பி, சி எல்லாம் அப்புறம்.

பாண்டுப் முருகேசன் மகன்

இரண்டு பேரும் ஒரு படியைத் தாண்டிவிட்டுப் பேசுகிறீர்கள். நம் ஆட்களுக்கு முதலில் தமிழ். வாய்க்குத் தெரிந்த சொல்லைத்தான் கண் பிடிக்கும். "அம்மா" என்று எழுதிக் காட்டினால், ஓ, நான் பேசுவதுதான் இங்கே கோடாக நிற்கிறது என்று ஒரு நிமிடத்தில் பிடிபடும். அது பிடிபட்டவருக்கு இன்னொரு மொழி எழுத்து வெறும் மனப்பாட வேலைதான். பிடிபடாதவருக்கு எந்த எழுத்தும் கோலம்தான். ரயிலுக்கு நாலு எழுத்து சொல்லிக் கொடுத்தீர்கள், சரி, அது அடையாளம் காட்டுவது, படிப்பு ஆகாது.

என் அப்பா 61 வயதில், தோல் பட்டறை வேலையை விட்ட பிறகு, எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) ஒரு பெரியவரிடம் தமிழ் படித்தார். நாலைந்து மாதம் இருக்கும். ஒருநாள் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்தார். எங்கள் பாட்டி 1989-இல் போட்டது, ஊரில் யாரிடமோ சொல்லி எழுதியது. இங்கே வந்ததும் அப்பா பட்டறையில் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதை இத்தனை வருஷம் கழித்துத் தானே எழுத்துக் கூட்டிப் படிக்கிறார், நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் நின்றுவிட்டார். மறுபடி முதலிலிருந்து படித்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார். "இத அவன் படிக்கலயேப்பா" என்றார்.

"எனக்குக் கண் மங்கிட்டு, ஒருக்கா வந்துட்டுப் போ" என்று ஒரு வரி. வேண்டுமென்றே விட்டாரா, கண்ணில் படவில்லையா, தெரியாது. படித்தவரும் இப்போது இல்லை. பாட்டி அடுத்த வருஷமே போய்விட்டார், அப்பா காரியத்துக்குத்தான் போனார்.

அதனால்தான் சொல்கிறேன், தமிழ் முதலில். பஸ் நம்பரை யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

சீத்தா கேம்ப் பையன்

அப்பா கதை மனதைப் பிசைகிறது அண்ணே. ஆனால் பஸ் நம்பரைக் கேட்டுக்கொள்ளலாம் என்கிறீர்களே, அம்மா அன்றைக்கு ஏன் கேட்கவில்லை? கேட்க ஹிந்தி வேண்டும். கேட்டால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். அதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

செம்பூர் தம்பி

நான் வீட்டு வேலை பார்க்கும் அக்காமாருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலம் பேசச் சொல்லிக் கொடுத்தேன், எட்டு மாதம். போன் பேசுவது மாதிரி நடித்துப் பார்ப்போம். "நாளைக்கு வர முடியாது" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று ஒரு பாடம். ஓர் அக்கா பதினோரு வருஷமாக ஒரே வீட்டில் வேலை. சுட்டி (லீவு) வேண்டுமென்றால் மகள்தான் போன் போட்டுச் சொல்லுவாள், மகளுக்குக் கல்யாணம் ஆகிப் போன பிறகு சுட்டியே எடுக்கவில்லையாம். அன்றைக்கு வகுப்பில் நடித்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று உண்மையிலேயே அந்த வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். ஸ்பீக்கரில். "மேடம், டுமாரோ ஐ நோ கம்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இங்கே ஒன்பது பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்புறம் "ஓகே" என்று வந்தது. கைதட்டி ஒரே ஆர்ப்பாட்டம், நானும் தட்டினேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால், "யார் உனக்கு இதெல்லாம் சொல்லித் தர்றது"ன்னு கேட்டாங்க தம்பி, வேண்டாம் விடு என்றார். கதவைப் பாதிதான் திறந்தார். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லி அவரைத் தடுத்திருக்கலாம், எனக்குத் தோன்றவே இல்லை.

கோலிவாடா அக்கா

வணக்கம். நான் இந்த மாதிரி வகுப்புல உக்காந்து படிச்ச ஆளு, டீச்சர் இல்ல. நான் சொல்லச் சொல்ல என் மக டைப் பண்றா.

ரெண்டு வருஷம் சாயங்கால வகுப்புக்குப் போனேன். என் பேரை எழுத நாலு மாசம் ஆச்சு, "ழ"வைச் சுழிக்க வராது, கை வலிக்கும், கொத்துமல்லி ஆயும்போதுகூடத் தரையில விரலால எழுதிப் பாப்பேன். பேங்குக்குப் போனேன். பேர் சொல்ல மாட்டேன் எந்த பேங்குன்னு. பணம் எடுக்கிற தாள்ல நானே பேனாவை வாங்கி எழுதினேன், மூணு தடவை மூச்சு விட்டு எழுதினேன். அந்த சார் பாத்தார், கம்ப்யூட்டரைப் பாத்தார், "இதுல ரேகைதானே இருக்கு" அப்படின்னு மைப்பெட்டியைத் தள்ளிட்டார். எழுதின என் பேருக்குப் பக்கத்துலயே ரேகை வெச்சேன். மை கையெழுத்து மேல வழிஞ்சு "ழ" மறைஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்து சோப்பு போட்டு தேச்சேன், ரெண்டு நாள் போகல.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர், முலுண்ட்

அக்கா, அந்த அதிகாரி செய்தது முறைப்படி தவறு இல்லை, ஆனால் உங்களுக்கு வழி சொல்லாமல் அனுப்பியது தவறு. கணக்கில் மாதிரியாக ரேகை இருந்தால் கையெழுத்தை வைத்துப் பணம் கொடுக்க முடியாது. முதலில் மாதிரியை மாற்ற வேண்டும். அதற்குக் கிளைக்கு நேரில் போய், ஆதார், பாஸ்புக், இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு, "இனி நான் கையெழுத்துப் போடுவேன்" என்று எழுதிக் கொடுத்து, அதிகாரி முன்னால் புதிய மாதிரி அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். கூட்ட நாளில் போகாதீர்கள், மாத முதல் வாரம் வேண்டாம். தமிழில் போட்டாலும் செல்லும், ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரே மாதிரி வரும்வரை வீட்டில் ஒரு நோட்டில் ஐம்பது தடவை போட்டுப் பழகுங்கள், நாளைக்கு ஒரு மாதிரி, மறுநாள் ஒரு மாதிரி என்றால் திரும்பவும் தொல்லை.

இன்னொன்று, வகுப்பு நடத்துகிறவர்களுக்கு. உல்லாஸ் என்ற மத்திய அரசுத் திட்டம் 2022 முதல் 2027 வரை இருக்கிறது, 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு. கடைசியில் ஒரு தேர்வு. படிப்பு, எழுத்து, கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 50, மொத்தம் 150 மதிப்பெண். தேறினால் சான்றிதழ். உங்கள் மாணவிகளை அதில் உட்கார வையுங்கள். அதற்கு மேலும் படிக்க ஆசைப்பட்டால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பெரியவர்களுக்கு ஏ, பி, சி என்று மூன்று நிலை உண்டு, மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புக்குச் சமம். அப்புறம் பத்தாம் வகுப்பே எழுதலாம்.

என் அனுபவம் ஒன்றுதான். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகையே அழிந்துபோன ஓர் அம்மா, மிஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார், எதையும் எடுக்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தார்.

கோலிவாடா அக்கா

நன்றி ஐயா. வழி எனக்குத் தெரியும், மாத்திட்டேன் போன வருஷமே. நான் எழுதினது அந்த மை வழிஞ்சதப் பத்தி.

மாட்டுங்கா சித்தி

என் தங்கை டொராண்டோவில் இருக்கிறாள். அங்கே புதிதாகக் குடியேறி வருகிறவர்களுக்கு அரசாங்கமே காசு போட்டு ஆங்கிலம் சொல்லித் தருகிறது, 1992-இலிருந்து நடக்கிறது, லிங்க் என்பார்கள். பல இடங்களில் அம்மா வகுப்பில் இருக்கும்போது குழந்தையைப் பக்கத்து அறையில் பார்த்துக்கொள்கிறார்கள். நான் இங்கே ஆன்டாப் ஹில்லில் ஒரு வகுப்புக்கு உதவப் போனேன். ஒரு பெண் மடியில் ஒன்றரை வயதுப் பிள்ளை. அவள் ஸ்லேட்டில் எழுத எழுத, அது கையால் அழித்துக்கொண்டே இருக்கும். இருபது நிமிடம் ஒரே எழுத்து. திட்டவே இல்லை அவள். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே திரும்ப எழுதினாள். நான் குழந்தையை வாங்கிக்கொள்ளலாம் என்று கடைசி ஐந்து நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

பாண்டுப் முருகேசன் மகன்

சித்தி சொன்னதுதான் சரி, எந்த மொழி முதலில் என்று நானும் சீத்தா கேம்ப் தம்பியும் அடித்துக்கொண்டதைவிட. ஆனாலும் தமிழ்தான் முதலில், அதில் மாற்றம் இல்லை.

சயான்காரி

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் வகுப்பில் படித்துக் காட்டினேன். இன்லண்ட் லெட்டர் வந்தபோது இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். கோலிவாடா அக்காவின் "ழ"வைப் பலகையில் பெரிதாக எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

இட்லி அக்காவிடம் போன வாரம் தனியாகப் பேசினேன். அன்றைக்கு "சும்மா" என்று சொன்னது தப்பு, அந்த நம்பரில் நல்லதும் கெட்டதும் எழுதியில்லை, உங்கள் வீட்டை அவர்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம், மீதி உங்கள் தாளைப் பொறுத்தது, அதை நாம் உட்கார்ந்து பார்ப்போம் என்றேன். பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் நகல், கரண்ட் பில், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார். தேதி இருக்கும் இடத்தை மட்டும் முதலில் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டோம். ஆங்கில எண்தான், அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

முடிந்து போகும்போது அவர் சந்து வழியாகத்தான் போனேன். ஒவ்வொரு கதவாகத் தொட்டு எழுத்தையும் எண்ணையும் சத்தமாகப் படித்துக்கொண்டே முன்னால் நடந்தார், வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் கதவு வரும்வரை காத்திருந்து கேட்டார்கள். ஒரு கதவில் மட்டும் ஒன்றும் இல்லை, பூட்டு தொங்கியது. அக்கா அங்கே நின்றுவிட்டார்.

"டீச்சர், இதுல ஏன் எழுதல?"

சர்வே வந்தபோது ஊருக்குப் போயிருந்தார்களாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்த வீட்டுக்காரர்களின் போன் நம்பருக்கு அழைத்தோம். அக்காதான் எண்ணைப் பார்த்து அழுத்தினார். மணி அடித்துக்கொண்டிருந்தது.