எம்பி4 ஆக்கினால் தமிழ் சப்டைட்டிலில் கொம்பு இடம் மாறுகிறது

அப்பத்தாவுக்குக் காது மந்தம், அதனால் கானாடுகாத்தானில் எடுத்த அறுபதாம் கல்யாண வீடியோவுக்குத் தமிழில் எஸ்ஆர்டி (சப்டைட்டில் கோப்பு) எழுதியிருக்கிறேன். வீட்டிலிருக்கும் பழைய எல்இடி டிவி, பென்டிரைவில் எம்பி4 மட்டும்தான் எடுக்கும்.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், எம்கேவி வடிவில் இருந்த வீடியோவை எம்பி4 ஆக்கி, சப்டைட்டிலைத் தனி டிராக்காக வைத்தேன். டிவி கண்டுகொள்ளவே இல்லை. எஸ்ஆர்டியை அதே பெயரில் பக்கத்தில் போட்டால் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. சரி, படத்தோடே பதித்துவிடலாம் என்று பார்த்தால் எழுத்து வருகிறது, ஆனால் ‘பெரியப்பா’வில் ப முதலில் வந்து கொம்பு அதற்குப் பின்னால் தனியாக நிற்கிறது. இதை அப்பத்தா எப்படிப் படிப்பார்!

மூல எம்கேவியும் எஸ்ஆர்டியும் லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் சுத்தமாக ஓடுகின்றன. விண்டோஸ் 10, எஸ்ஆர்டி கோப்பின் என்கோடிங் யூடிஎஃப்-8. நிர்மலா யூஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் ரெண்டு எழுத்துருவும் போட்டாச்சு. அப்புறம் எஸ்ஆர்டியை ஏஎஸ்எஸ் என்ற இன்னொரு சப்டைட்டில் வடிவத்துக்கு மாற்றி, ஷேப்பிங்கை (எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் செட்டிங்) காம்ப்ளெக்ஸ் என்று கொடுத்தும் அதே கதைதான்.

தமிழ் சப்டைட்டிலைக் கொம்பு பிசகாமல் பதித்தவர்கள் எந்த மென்பொருள், எந்த செட்டிங் வைத்தீர்கள்?