1979 எஃப்-150 முன் ஆக்சிலை ஒய்ஜே ஜீப்பில் மாட்டலாமா?

ஓட்டைஜீப்:

வணக்கம். அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிறேன். என் வண்டி 1993 ரேங்லர் ஒய்ஜே, 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர், ஏஎக்ஸ்15 கியர்பாக்ஸ், முன்னால் டானா 30 ஆக்சில், பின்னால் டானா 35, கிரவுன் பினியன் விகிதம் 3.07 (ஷாஃப்ட் 3.07 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று). 31 அங்குல டயரைத் தவிர எல்லாம் கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறது. போன மாதம் ஒரு பாறை ஏற்றத்தில் முன்பக்கம் டக்கென்று சத்தம். கழற்றிப் பார்த்தால் யூஜே கிராஸ் (ஷாஃப்ட்டை வளைய விடும் மூட்டு) உடைந்து, போகிற போக்கில் ஷாஃப்ட்டின் காதையும் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. பின் சக்கரத்தை வைத்தே ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள காயலான் கடையில் 1979 ஃபோர்டு எஃப்-150 ஒன்றின் முன் ஆக்சில், டானா 44, ஹப்பிலிருந்து ஹப் வரை முழுசாகக் கிடக்கிறது. 350 டாலர் சொல்கிறார், 300க்குத் தருவார் என்று நினைக்கிறேன். பிறகு 35 அங்குல டயர் போடும் ஆசையும் இருக்கிறது. இது என் வண்டிக்கு உட்காருமா, எதையெல்லாம் வெட்டி ஒட்ட வேண்டும்? வெல்டிங் ஓரளவு தெரியும், மிக் மெஷின் இருக்கிறது. செய்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

கிரீஸ்கை:

செய்திருக்கிறேன், இதே ஆக்சில், இதே ஒய்ஜே. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல சேதி. எஃப்-150இல் டிஃபரன்ஷியல் உருண்டை டிரைவர் பக்கம் இருக்கிறது, உங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் (இன்ஜின் பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) முன் ஷாஃப்ட் டிரைவர் பக்கமாகத்தான் இறங்குகிறது, ஆகவே பக்கம் பொருந்தும். (பழைய சிஜே ஜீப் வைத்திருந்தால் நேர் எதிர், அதற்கு ஷெவி அல்லது ஸ்கவுட் ஆக்சில் தேட வேண்டும். ஆக்சிலைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் போயிற்று என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வண்டி பின்னால் போகும்போது முன் சக்கரம் முன்னால் போகும்.) அடுத்தது, அந்த வருட ஃபோர்டில் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் சின்னப் பல்சக்கரம்) மேலே தூக்கி இருக்கும், பல்லை எதிர்வெட்டாக வெட்டியிருப்பார்கள். முன் ஆக்சிலுக்கு அதுதான் பலம், முன்னே போகும்போது பல்லின் சரியான முகத்தில் பாரம் விழும், ஷாஃப்ட்டும் பாறையில் இடிக்காமல் உயரத்தில் ஓடும். உங்கள் டானா 30உம் அதே மாதிரி மேல் பினியன்தான், ஆனால் அதன் கிரவுன் வீல் 7 அங்குலத்துக்குச் சற்று மேல், 44இல் 8.5 அங்குலம். ஷாஃப்ட்டும் 30 ஸ்பிளைன் (முனையில் வெட்டிய பற்கள்). அப்புறம் ஹப்பைக் கையால் பூட்டித் திறக்கலாம், முன் ஆக்சிலை வேக்குவத்தால் இணைக்கும் ஒய்ஜேயின் அந்தத் தொல்லை ஒழிந்தது. வாங்கும் முன் ஹப் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அந்தக் காலத்து எஃப்-150 சிலவற்றில் நாலு சக்கரமும் எப்போதும் ஓடும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அவற்றில் ஹப்புக்குப் பதில் வெறும் தட்டுதான் இருக்கும்.

இனி கெட்ட சேதி. அது காயில் ஸ்பிரிங் ஆக்சில். உங்கள் வண்டியில் பட்டை ஸ்பிரிங். ரேடியஸ் ஆர்மைப் பிடித்துக்கொள்ள ஆக்சிலின் மேல் ஆப்பு மாதிரி தடித்த பாகங்கள் இருக்கும், அதையெல்லாம் அறுத்து எடுத்துவிட்டுத்தான் பட்டைக்கு மேடை வெல்ட் செய்ய முடியும். டிரைவர் பக்கம் அது வார்ப்பிரும்போடு சேர்ந்தே வந்திருந்தால் கிரைண்டரோடு ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டியதுதான். எனக்கு ஒன்றரை நாள் ஆனது, மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்தது. அந்தப் பக்கப் பட்டை உருண்டையின் ஓரத்தில் வந்து விழும், அங்கே வெறும் மிக் வைத்து ஒட்டினால் ஆறியதும் விரிசல் விடும். சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, மெதுவாக ஆறவிட வேண்டும். நான் அந்த ஒரு இடத்தை மட்டும் தெரிந்தவரிடம் காசு கொடுத்துச் செய்துகொண்டேன்.

அகலம் ஒய்ஜேயைவிட ஏறக்குறைய 5 அங்குலம் கூடுதல், பக்கத்துக்கு இரண்டரை. வீல் போல்ட் வட்டம் உங்களுக்கு ஐந்து போல்ட், 4.5 அங்குலம், அதற்கு ஐந்து போல்ட், 5.5. முன்னால் ஒரு வகை வீல், பின்னால் ஒரு வகை வீல், ஸ்டெப்னி எதற்கும் உதவாது. இப்படியே போய் நான் கடைசியில் பின் ஆக்சிலையும் எஃப்-150இன் 9 அங்குல ஆக்சிலுக்கு மாற்றினேன். 300 டாலர் ஆக்சில் எனக்கு 4,000 டாலரைத் தாண்டியது, அதற்குப் பிறகு கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

பாறைத்தவளை:

கிரீஸ்கை அண்ணன் சொன்னதில் ஒன்றைத் தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: கிரவுன் பினியன் விகிதம். உங்கள் பின்பக்கம் 3.07. அந்த 44இல் பெரும்பாலும் 3.54 இருக்கும். இரண்டையும் வைத்து 4-வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் செயினோ வேறெதுவோ உடைந்தே தீரும். சரி, 35 டயருக்கு 4.56 போடலாம் என்று போனால் 3.54இன் கேரியரில் (கிரவுன் வீலைத் தாங்கும் கூடு) அது ஏறாது, டானா 44இல் 3.73 வரை ஒரு கேரியர், 3.92இலிருந்து வேறு கேரியர். தடித்த கிரவுன் வீல் செய்து விற்கிறார்கள், அதைப் போட்டால் பழைய கேரியரிலேயே ஓட்டலாம், ஆனால் உங்களுக்கு எதிர்வெட்டுப் பல் வேண்டும் என்பதைக் கடையில் அழுத்திச் சொல்லுங்கள், சாதாரண 44 பல் அதில் உட்காராது.

நாலுகால்_நடை:

நான் எல்லாருக்கும் எதிராகப் பேசுகிறேன் என்று திட்டாதீர்கள். முன்னால் ஒரு கிராஸ் உடைந்தது, அதற்காக முன் ஆக்சிலையே மாற்றுவதா? நீங்கள் பயப்பட வேண்டியது பின்னால் இருக்கும் டானா 35ஐப் பார்த்து. உங்கள் வருடத்து 35இல் ஷாஃப்ட்டைப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு சி-கிளிப் மட்டும்தான். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரம் ஷாஃப்ட்டோடு சேர்ந்து வெளியே நடந்து வரும். முன்னால் உடைந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம், நீங்களே வந்திருக்கிறீர்கள். பின்னால் உடைந்தால் நெடுஞ்சாலையில் உங்கள் சக்கரம் உங்களை முந்திக்கொண்டு போகும்.

ஓட்டைஜீப்:

35ஐப் பற்றி எல்லாரும் பயமுறுத்துகிறார்கள், ஆனால் எனக்கு இதுவரை உடையவில்லையே. முன்பக்கம்தானே உடைந்தது. தவிர, 300 டாலருக்கு 44 இனி கிடைக்குமா என்ற நப்பாசையும் விடவில்லை, மனைவியிடம் கூடச் சொல்லிவிட்டேன் (அது வேறு கதை). வார்ப்பிரும்பு வேலை இல்லாத வேறு 44 ஏதாவது இருக்கிறதா?

மணல்மேடு:

இருக்கிறது. 1980 முதல் வந்த பெரிய வேகனீர் ஜீப்பின் முன் ஆக்சில். டானா 44, உருண்டை டிரைவர் பக்கம், பட்டை ஸ்பிரிங், அகலமும் ஏறக்குறைய ஒய்ஜே அளவு. வண்டிக்கு வெளியே டயர் துருத்தாது. பட்டை மேடையை மட்டும் நகர்த்தி வெல்ட் செய்ய வேண்டிவரும். குறை என்னவென்றால் பினியன் கீழே, போல்ட் ஆறு, வட்டம் 5.5 அங்குலம். 1979 வரை வந்ததை வாங்கிவிடாதீர்கள், அதில் உருண்டை பயணி பக்கம்.

எஃப்-250இன் 78, 79 வருட முன் ஆக்சிலும் பட்டையில் வந்ததுதான், மேல் பினியன்தான், குழாயும் நல்ல தடிமன். ஆனால் எட்டு போல்ட், அகலம் இன்னும் கூடுதல். அதை ஒய்ஜேயில் மாட்டினால் நண்டு மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்கும், உங்களுக்குப் பிடிக்குமா தெரியாது.

கிரீஸ்கை:

நேற்று ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், அதுதான் பலரும் கோட்டை விடும் இடம். பட்டையை ஆக்சிலுக்கு மேலே வைத்து வண்டியைத் தூக்கினால் (ஒய்ஜேயில் கம்பெனி கீழே வைத்திருக்கிறது, மேலே மாற்றினால் 5, 6 அங்குலம் ஏறும்) பினியனை ஷாஃப்ட்டின் கோணத்துக்கு நிமிர்த்தத் தோன்றும். நிமிர்த்தினால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். இரண்டும் ஒரே குழாயில் இருக்கின்றன, ஒன்றைத் திருப்பினால் இன்னொன்றும் திரும்பும். காஸ்டர் குறைந்த வண்டி 60 மைல் வேகத்தில் ரோட்டில் அலையும், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. அதற்கு மருந்து குழாய் முனையில், சக்கரத்தோடு திரும்பும் நக்கிளைப் பிடித்திருக்கும் சி வடிவப் பாகத்தின் வெல்டை அறுத்து, சி-யைத் திருப்பி மறுபடி வெல்ட் செய்வது. 6 டிகிரி பக்கம் வைத்தால் நிம்மதியாக ஓட்டலாம். மேடையை முதலில் புள்ளி வெல்டில் மட்டும் நிறுத்துங்கள், வண்டியின் முழு எடையையும் இறக்கி, கோணத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் முழுசாக ஒட்டுங்கள். நான் அவசரப்பட்டு ஒட்டிவிட்டு, ஒட்டியதையே மறுபடி அறுத்தேன்.

ஸ்டியரிங்கும் அப்படியே. வண்டி உயர்ந்ததும் டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) செங்குத்தாகச் சரியும், பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். நக்கிளின் மேல்பக்கத்தில் ஸ்டியரிங் ஆர்ம் மாட்டி லிங்க்கை உயர்த்தினால்தான் தீரும். ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் இறங்கும் இடத்தில் ஒய்ஜே ஃபிரேமில் விரிசல் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள், பெரிய டயர் போட்ட ஒய்ஜேகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். பிரேக்கும் ஃபோர்டு காலிப்பர் பெரியது, உங்கள் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில் போதாமல் பெடல் ஆழமாக இறங்கலாம்.

பாறைத்தவளை:

கடைக்குப் போகத்தான் போகிறீர்கள் என்றால் கையோடு ஒரு சாக்பீஸ், நூல், ஒரே அளவுள்ள இரண்டு மரக்கட்டை எடுத்துப் போங்கள். ஹப் இரண்டையும் பூட்டிவிட்டு, ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்ற பக்கத்தை இரண்டு சுற்று சுற்றச் சொல்லி, பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். மூன்றரைக்குச் சற்று மேல் என்றால் 3.54. குழாய் முனைகளில் கட்டையை வைத்து நூலை இழுத்துக் கட்டி, உருண்டையின் இருபுறமும் நூலுக்கும் குழாய்க்கும் இடைவெளியை அளந்தால் வளைவு தெரிந்துவிடும். உருண்டை நூலை இடித்தால் இன்னும் உயரமான கட்டை. ஆயிலில் விரலை விட்டுப் பாருங்கள், பால் விட்ட காபி மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, பேரிங்கும் பல்லும் துருப்பிடித்திருக்கும். பால் ஜாயிண்ட் ஆட்டத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள்.

ஓட்டைஜீப்:

போய்ப் பார்த்தேன். சாக்பீஸையும் நூலையும் பார்த்துக் கடைக்காரர் கேலி செய்தார். பினியன் மூன்றரைக்குச் சற்று மேல், ஆக 3.54தான். நூல் கட்டினால் பயணி பக்கக் குழாயில் முனையிலும் நடுவிலும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். இரண்டு முறை கட்டையை மாற்றி வைத்து அளந்தேன், அதே கணக்கு. அந்த லாரி எங்கேயோ நல்ல பள்ளத்தில் குதித்திருக்கிறது. 300ஐ 200ஆகக் குறைத்தார், வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வரும் வழியில் அதே கடையில் 1998 ஃபோர்டு எக்ஸ்புளோரர் ஒன்று நின்றது. நாலுகால்_நடை, உங்கள் சக்கரம் என்னை முந்துகிற காட்சி மனதை விட்டுப் போகவில்லை, அதனால் குனிந்து பார்த்தேன். பின் ஆக்சில் 8.8 அங்குலம், டிஸ்க் பிரேக், தகட்டில் 4 10 என்று இருக்கிறது. போல்ட் வட்டமும் என்னுடையதேதான். 250 டாலருக்குக் கழற்றிக் கொண்டுவந்து கராஜில் போட்டிருக்கிறேன். ஆனால் இப்போது முன்னால் 3.07, பின்னால் 4.10. மறுபடியும் அதே சிக்கல், இல்லையா?

நாலுகால்_நடை:

வாழ்க! அதிலும் சி-கிளிப்தான், ஆனால் 31 ஸ்பிளைன் ஷாஃப்ட், அது உடைய நீங்கள் நிறைய பாவம் செய்ய வேண்டும். குழாய் உருண்டைக்குள் செருகியிருக்கும் இடம் பாரத்தில் சுழன்றுவிடும், அதனால் மேடையை ஒட்டும்போதே அதையும் சுற்றி வெல்ட் செய்துவிடுங்கள், அங்கேயும் வார்ப்புதான், கிரீஸ்கை சொன்ன நிக்கல் ராடு கதை அப்படியே பொருந்தும். வண்டியைத் தூக்கினால் உங்கள் என்பி231 டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் உள்ளே வெளியே நகரும் ஸ்லிப் யோக்கை எடுத்துவிட்டு நிலையான யோக் போட வேண்டிவரும், அதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

முன்பக்கத்துக்கு எதையும் அறுக்க வேண்டாம். நாலு சிலிண்டர் ஒய்ஜேயின் முன் ஆக்சிலைத் தேடுங்கள். அதே டானா 30, ஆனால் கம்பெனியிலிருந்தே 4.10. உங்கள் பட்டையில் அப்படியே யூ போல்ட் மாட்டி இறுக்கலாம், ஷாஃப்ட்டும் சேரும், பிரேக்கும் சேரும். உடைந்த ஷாஃப்ட் தொல்லையும் தீர்ந்தது. 33 டயர் வரை இந்தக் கூட்டணி தாராளமாகப் போதும்.

ஓட்டைஜீப்:

அடடா, இது தோன்றவே இல்லை. 35?

நாலுகால்_நடை:

33.

மணல்மேடு:

டூசான் பக்கம் ஒரு காயலான் கடையில் போன வாரம் 1991 நாலு சிலிண்டர் ஒய்ஜே நின்றது, பின்பக்கம் இடிபட்ட வண்டி, முன்பக்கம் தொடாமல் இருந்தது. இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். நூலையும் கட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.