இத்தாலிய மொழியில் அரிஸ்டாட்டில் உரைகள்: சுருக்கமா, சொந்தச் சிந்தனையா?

(மூலபாடம், ஏடுதேடி, கையெழுத்துப்படி என்பவை இங்கே உரையாடும் மூவரின் புனைபெயர்கள்.)

மூலபாடம்:
லத்தீன் அறியாதவர்களுக்காக இத்தாலியில் மக்கள் மொழியில் எழுதப்பட்ட அரிஸ்டாட்டில் உரைகளைத் தத்துவ நூல்கள் என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை; அவை பிறர் கருத்தை இரவலாக எடுத்துச் சொல்லும் வழிநூல்களே. போலோஞ்ஞா மருத்துவர் தத்தேயோ ஆல்தெரோத்தி 13ஆம் நூற்றாண்டில் மொழிபெயர்த்ததாகக் கவிஞர் தாந்தே குறிப்பிடும் அரிஸ்டாட்டிலின் 'அறவியல்' முழு நூலே அன்று. அது ஒரு சுருக்கம். அரபியிலிருந்து லத்தீனுக்கு வந்து, அங்கிருந்து ஃபுளோரன்ஸ் பகுதியின் தஸ்கன் மொழிக்கு இறங்கியது. கிரேக்கத்திலிருந்து நேரடியாகச் செய்த ஆங்கிலேய ஆயர் ராபர்ட் க்ரோஸ்டெஸ்ட்டின் முழு லத்தீன் மொழிபெயர்ப்பு 1240களிலேயே வந்துவிட்ட பிறகும் இந்த நிலை. தாந்தேயும் தமது 'கொன்விவியோ' (விருந்து) என்ற நூலில் தத்தேயோவின் பெயரைச் சொல்லியே அது அழகு கெட்ட மொழிபெயர்ப்பு என்கிறார்.

ஏடுதேடி:
ஐயா, தாந்தே அதை எந்த இடத்தில் சொல்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தம் பாடல்களுக்குத் தாமே எழுதும் உரையை லத்தீனில் எழுதாமல் ஏன் மக்கள் மொழியில் எழுதினார் என்பதற்குக் காரணம் கூறும் பகுதி அது. லத்தீனில் எழுதி வைத்தால், திறமையற்ற ஒருவர் பின்னாளில் அதைப் பெயர்த்துக் கெடுத்துவிடக்கூடும் என்று அஞ்சி, அந்த அச்சத்துக்குச் சான்றாகவே தத்தேயோவைக் காட்டுகிறார். ஆகவே மக்கள் மொழியில் தத்துவம் பேசுவதை அவர் மறுக்கவில்லை; அதை இரவல் வேலையாக விடாமல் முதலிலிருந்தே அந்த மொழியில் எழுத வேண்டும் என்கிறார். ஆயிரக்கணக்கானோர் பசியாறப்போகும் வாற்கோதுமை ரொட்டி என்றே அந்த உரையை அவர் அழைக்கிறார். கோதுமை ரொட்டி தன்னிடம் இல்லை என்பதற்காக எளிய ரொட்டியைத் தூக்கிப் போடுபவரின் குரல் அன்று அது.

மூலபாடம்:
அந்த விருந்து முடியவில்லையே! திட்டமிட்டவை 15 பகுதிகள், எழுதப்பட்டவை 4. பின்னாளைய உரைகாரர்களிலும் பெரும்பெயர் பெற்ற இத்தாலிய அறிஞர் காஸ்தெல்வேத்ரோ, அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' நூலுக்கு எழுதி 1570இல் வியன்னாவில் வெளியிட்ட உரை, மூலத்தில் இல்லாததை ஏற்றுகிறது. சோகநாடகம் ஏறத்தாழ சூரியனின் ஒரு சுற்று அளவுக்குள் அடங்க முயல்கிறது என்று அரிஸ்டாட்டில் போகிற போக்கில் சொன்னதைக் கட்டாய விதியாக்கி, நாடகம் ஒரே இடத்தில் நிகழ வேண்டும் என்ற, அவர் பேசவே பேசாத இட ஒருமையையும் சேர்த்துவிடுகிறது. மூலத்தை வளைக்கும் உரையை நல்ல உரை என்று எப்படிச் சொல்வது?

ஏடுதேடி:
வளைத்தது உண்மை, மறைத்து வளைக்கவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் முதலில் கிரேக்க மூலம், பிறகு கருத்துச் சுருக்கம், பிறகு இத்தாலிய மொழிபெயர்ப்பு, கடைசியாக நீண்ட விளக்கவுரை என்று வரிசையாக அச்சிட்டிருக்கிறார். கிரேக்கம் தெரிந்தவர் அதே நூலைக் கொண்டே அவரைப் பிடித்துவிடலாம். நாடகம் ஏன் 12 மணி நேரத்துக்கு மேல் நீளக்கூடாது என்பதற்கு அவர் தரும் காரணம், கூட்டம் உண்ண வேண்டும், குடிக்க வேண்டும், கழிக்க வேண்டும், தூங்க வேண்டும் என்பதே. இதில் ஏதென்ஸ் இல்லை. அவர் கண்முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாமரர் இருக்கிறார். கவிதை அந்தப் பாமரக் கூட்டத்தை மகிழ்விக்கவே பிறந்தது என்பது அவருடைய சொந்தக் கொள்கை. அது பிழையான வாசிப்பாக இருக்கலாம், இரவல் இல்லை.

கையெழுத்துப்படி:
ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். பிளேட்டோவின் 'விருந்து' நூலுக்கு ஃபுளோரன்ஸ் தத்துவ அறிஞர் ஃபிச்சினோ லத்தீனில் எழுதிய உரையை அவரே தஸ்கன் மொழியில் ஆக்கினார். லத்தீன் வடிவம் 1484இல் அச்சேறியது. தஸ்கன் வடிவம் 1544இல்தான். அதுவரை ஏறத்தாழ 70 ஆண்டுகள் அது கையெழுத்துப்படிகளாகவே உலவியது. ஃபுளோரன்ஸில் வணிகர்கள் கணக்குப் புத்தகம் எழுதும் அதே எழுத்து வடிவில் இத்தகைய தாய்மொழி நூல்களைத் தமக்காகப் படியெடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். ஆசிரியரே இரு மொழியிலும் எழுதியிருக்க, அவற்றுள் ஒன்றை மட்டும் வழிநூல் என்று எப்படித் தள்ளுவது?

மூலபாடம்:
ஃபிச்சினோ விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். காஸ்தெல்வேத்ரோவை வழிநூல்காரர் என்று சொன்னது தவறு, பிழை செய்த சிந்தனையாளர் என்பதே பொருந்தும். தத்தேயோவின் சுருக்கத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

ஏடுதேடி:
அதில் நானும் பாதி உங்கள் பக்கம்தான். அரிஸ்டாட்டிலை அறிய அதை நாட மாட்டேன். ஆனால், லத்தீன் பள்ளிக்குப் போகாத ஒருவர் 'நடுவழியே அறம்' என்ற கருத்தை முதன்முதலாக எந்தச் சொற்களில் கேட்டார் என்று அறிய வேண்டுமானால், அந்த மோசமான மொழிபெயர்ப்பைத்தான் திறப்பேன்.