முதலில் குவியல், அப்புறம் நடுப்புள்ளி

குழு: கருமருந்துக் குடும்பம்

கார்த்தி: [படம்] இன்றைய அட்டை. கருமருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியாகக் கெட்டிக்கும் என் பழைய மாதிரிப் பிஸ்டலில், 25 மீட்டர், நின்றபடி ஒற்றைக் கையில் சுட்டது. பக்கவாட்டில் அதிகம் விலகவில்லை. ஆனால் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்ட மாதிரி ஓட்டைகள். குழல் நுனியில் இருக்கும் முன்குறியைக் கொஞ்சம் அரம் போட்டுப் பார்க்கலாமா சித்தப்பா?

சித்தப்பா: அரத்தை எடுத்து உள்ளே வை. குண்டுகள் ஓர் இடத்தில் குவியாத வரை குறியைத் திருத்தி ஒரு பயனும் இல்லை. எந்த ஓட்டையை நம்பித் திருத்துவாய்?

சித்தப்பா: இப்படி மேலும் கீழுமாகப் போனால் நான் முதலில் சந்தேகப்படுவது குண்டின் வேகத்தை. ஒவ்வொரு முறையும் வேகம் மாறுகிறது. கைத்துப்பாக்கியில் மெதுவான குண்டுதான் பெரும்பாலும் மேலே படும். அது குழலை விட்டு வெளியேறுவதற்குள் பின்னுதைப்பில் குழல் உயர்ந்துவிடும்.

கார்த்தி: நான் நேர்மாறாக நினைத்திருந்தேன். மெதுவாகப் போனால் கீழே விழும் என்று.

சித்தப்பா: தூரம் நீண்டால் அது சரி. 25 மீட்டரில் உதைப்புதான் முந்திக்கொள்ளும்.

மீனா அக்கா: கார்த்தி, கையா மருந்தா என்று முதலில் பிரித்துப் பார். மணல் மூட்டையில் கையைத் தாங்கி ஐந்து குண்டு சுடு. அப்போதும் அதே கோடு வந்தால் கோளாறு மருந்திலும் கெட்டிப்பதிலும்தான். கோடு மறைந்துவிட்டால் உன் மணிக்கட்டைக் கவனி.

கார்த்தி: சரி அக்கா. மருந்தை அளவுக் குவளையில்தான் எடுக்கிறேன். அது போதாதா?

சித்தப்பா: குவளை போதும், ஆனால் நிரப்பும் விதம் மாறக் கூடாது. ஒருமுறை தட்டி நிரப்பி மறுமுறை தட்டாமல் விட்டால் அளவு மாறிவிடும். வீட்டிலேயே ஒவ்வொரு சுடுதலுக்கும் தனித்தனிச் சிறு குழாயில் அளந்து மூடி எடுத்து வா. களத்தில் மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டவே கொட்டாதே. உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் குடுவையே கையில் வெடிக்கும்.

சித்தப்பா: எவ்வளவு மருந்து என்பதைத் துப்பாக்கிதான் சொல்ல வேண்டும். 44 காலிபர் (குழல் விட்டம் 0.44 அங்குலம்) போட்டிப் பிஸ்டலில் பலரும் 20 முதல் 25 கிரெயினுக்குள் (கிரெயின் என்பது மருந்தின் எடை அளவு) நிற்கிறார்கள். கையேட்டில் சொன்ன குறைந்த அளவில் தொடங்கி, ஒரு கிரெயின் அல்லது இரண்டு கிரெயினாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து குண்டு சுட்டுக் குவியலைப் பார். தயாரிப்பாளர் சொன்ன உச்சத்தைத் தாண்டாதே. உண்மையான கருமருந்து மட்டும். புகையில்லா மருந்து ஒரு சிட்டிகை கூட உள்ளே போகக் கூடாது, குழல் கிழிந்துவிடும்.

அத்தை: தம்பி, குண்டைச் சுற்றி வைக்கும் துணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே நீ. எனக்கு அதுதான் பாதி விஷயம்.

சித்தப்பா: நீங்களே சொல்லுங்கள் அக்கா.

அத்தை: கார்த்தி, களம் மூடி எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு முன்னால் போய், நீ சுட்ட துணிகளைப் பொறுக்கு. நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது மசகு போதவில்லை. ஓரத்தில் கத்தியால் கீறிய மாதிரி வெட்டு இருந்தால் குழல் வாயிலோ, குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் உள்வரிகளிலோ கூர்மை இருக்கிறது. நல்ல துணி ஓரம் மட்டும் நூல் பிரிந்து, மறுபடி பயன்படுத்தலாம் போல முழுசாகக் கிடக்கும். ஒவ்வொரு முறையும் நான் இதைப் பார்க்காமல் வீடு திரும்புவதில்லை.

கார்த்தி: துணி எவ்வளவு தடிமன் அத்தை?

அத்தை: குண்டு குழலைவிட 0.005 முதல் 0.010 அங்குலம் சிறியதாக இருக்கட்டும். அதற்கு 0.010 அல்லது 0.015 அங்குலப் பருத்தித் துணி இரண்டையும் முயன்று பார். குண்டு கலப்பில்லாத மென்மையான ஈயம். மசகுக்குத் தேன்மெழுகு, தாவர எண்ணெய் கலவை போதும். பெட்ரோலியக் கிரீஸ் போட்டால் கருமருந்தோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

மீனா அக்கா: குண்டைக் குழலுக்குள் தள்ளும் ராம்ராடில் ஒரு கோடு போட்டு வை கார்த்தி. குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்ததும் கோடு குழல் வாய்க்கு நேராக வர வேண்டும். வரவில்லை என்றால் சுடாதே. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் குழல் புடைத்துவிடும். அழுத்தமும் ஒரே மாதிரி இருக்கட்டும், இடிக்க வேண்டாம்.

கார்த்தி: ஐந்தாறு சுட்ட பிறகு குண்டை இறக்கவே கஷ்டமாக இருக்கிறது.

சித்தப்பா: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமடா! உன் கோட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்தக் கரி குழலில் படியப் படிய ஒவ்வொரு குண்டும் வேறொரு குழலில் போகிற கணக்கு. ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் லேசாக ஈரமான துணியால் ஒருமுறை துடை, உடனே உலர்ந்த துணியால் ஒருமுறை. ஈரம் மிஞ்சினால் அடுத்த மருந்து நனையும்.

கார்த்தி: ஒவ்வொரு குண்டுக்குமா? போட்டியில் நேரம் போதுமா?

மீனா அக்கா: போதும். இந்த வகைத் துப்பாக்கிப் போட்டிகளுக்கான சர்வதேசச் சங்கம் எம்.எல்.ஏ.ஐ.சி.யின் விதிப்படி 30 நிமிடத்தில் 13 குண்டு. சிறந்த 10 தான் கணக்கில் வரும். ஒரு குண்டுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. உன்னுடையது குக்கன்ராய்ட்டர் பிரிவு, கேப் (சுத்தி அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகத் தொப்பி) வைத்துச் சுடும் பிஸ்டல். ரேகன்ஸ்பர்க் நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர் குடும்பத்தின் பெயர் அது. அத்தை சுடுவது கொமினாட்ஸோ பிரிவு, சக்கிமுக்கிக் கல் பொறியில் தீப்பிடிக்கும் பிஸ்டல்.

அத்தை: உள்வரி இல்லாத வழுவழுப்பான குழல். அதிலும் குவிக்கலாம், பொறுமை வேண்டும்.

சித்தப்பா: மூட்டையில் வைத்துக் குவியல் சுருங்கிய பிறகு குறிக்கு வரலாம். அப்போதும் கணக்குப் போட்டுத்தான் அரம். முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே 250 மில்லிமீட்டர், தூரம் 25 மீட்டர் என்றால் விகிதம் நூற்றில் ஒன்று. குவியல் 50 மில்லிமீட்டர் கீழே இருந்தால் முன்குறியில் அரை மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். முன்குறி தாழ்ந்தால் குண்டு மேலே ஏறும். ஒரேயடியாக அரை மில்லிமீட்டரையும் எடுத்துவிடாதே. கொஞ்சம் எடுத்துச் சுட்டுப் பார், தேய்த்ததை ஒட்ட முடியாது.

கார்த்தி: கண் எதில் இருக்க வேண்டும்? கரும்புள்ளியிலா?

மீனா அக்கா: முன்குறியில். கரும்புள்ளி மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. முன்குறியின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். கரும்புள்ளியின் அடி விளிம்பைப் பிடித்துக் குறிவைத்தால் உயரம் மாறாமல் இருக்கும்.

அத்தை: சுட்ட பிறகும் கையை இறக்காதே. சுத்தி விழுந்து, தீ பிடித்து, குண்டு வெளியே போகும் வரை நேரம் எடுக்கும். என் கல் துப்பாக்கியில் அது இன்னும் அதிகம். புகைக்குள்ளும் முன்குறியைத் தேடிக்கொண்டே இருப்பேன்.

கார்த்தி: ஒருமுறை கேப் வெடித்தும் குண்டு போகவில்லை என்றால்?

சித்தப்பா: குழல் இலக்கைப் பார்த்தபடியே ஒரு நிமிடமாவது அசையாமல் நில். தாமதமாகத் தீப்பிடிப்பதும் உண்டு. அதைத் தவிர்க்க, முதல் மருந்து கெட்டிக்கும் முன் வெறும் கேப் இரண்டு சுட்டு, கேப் மாட்டும் நிப்பிளில் இருக்கும் எண்ணெயை எரித்துவிடு.

கார்த்தி: புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மணல் மூட்டையோடு வருகிறேன். குழலைத் துடைத்துத் துடைத்துச் சுட்டு, அட்டையை இங்கே போடுகிறேன்.

சித்தப்பா: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மருந்து மாற்றிய அன்று துணியை மாற்றாதே. எல்லாவற்றையும் நோட்டில் எழுது.

மீனா அக்கா: இன்றைக்கு இரவே குழலைச் சுடுநீரில் கழுவிவிடு கார்த்தி. அந்தக் கரி காற்றின் ஈரத்தை இழுக்கும், நாளைக்குள் துரு வந்துவிடும்.

கார்த்தி: தண்ணீர் கொதிக்கிறது அக்கா. கழுவி உலர்த்தி எண்ணெய் போட்டுவிடுகிறேன்.